கப்பல் சாப்பாடு: நிறுவனத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், பயணத்தைப் பாருங்கள்

கேள்வி: 2021இல், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சிங்கப்பூருக்கே திரும்பிவரும் உல்லாசக் கப்பலில் குடும்பத்தோடு போனோம். சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்தது. பரிமாறியவர்கள் இரண்டாம் நாளே பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த நினைப்பில் போன ஜூன் பள்ளி விடுமுறையில் வேறொரு கப்பலில் மூன்று இரவு போனோம். மனமே விட்டுப்போய்விட்டது. பஃபேயில் மேசை பிடிக்கவே அரைமணி நேரம் ஆனது. சாம்பார் ஆறிப்போய் மேலே ஏடு கட்டியிருந்தது. என் அம்மா சுத்த சைவம். மூன்று இரவும் அவருக்கு வந்தது ஒரே பனீர்க் குழம்புதான். நல்ல உணவகங்களுக்கெல்லாம் தனிக் காசு கேட்டார்கள். வரும் டிசம்பரில் அம்மாவுக்கு 70 வயது நிறைகிறது. கப்பலில்தான் கொண்டாட வேண்டும் என்று அவரே ஆசைப்படுகிறார். எல்லாக் கப்பலிலும் தரம் இறங்கிவிட்டதா? எந்த நிறுவனத்தை நம்பிப் போகலாம்?
வாசகி, செங்காங்

பதில்: கப்பல் சமையற்கூடத்தில் வேலை பார்த்து, இப்போது பயண ஆலோசகராக இருப்பவர்

அன்புள்ள சகோதரிக்கு,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பயணக் கட்டணத்துக்குள் அடங்கிய சாப்பாடு பல நிறுவனங்களில் முன்பைவிடச் சுருங்கித்தான் இருக்கிறது. நீங்கள் கண்டது பிரமை அல்ல. ஆனால் நீங்கள் ஒப்பிடும் இரண்டு பயணங்களும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடியவை அல்ல. நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பிப் பதிவு செய்தால் டிசம்பரிலும் அம்மாவுக்குப் பனீர்க் குழம்புதான் வரும். எந்தக் கப்பல், எத்தனை இரவு, எந்த வாரம் என்று பாருங்கள். கம்பெனியின் பெயர் அதற்கெல்லாம் பிறகுதான். எந்தக் கப்பலில் போனீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரை இங்கே வெளியிடவில்லை.

முதலில் 2021ஐ எடுத்துக்கொள்வோம். கொவிட்-19 காலத்தில், 2020 நவம்பரில் தொடங்கி, சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட அந்தப் பயணங்களில் கப்பலின் கொள்ளளவில் பாதிப் பேரைத்தான் ஏற்றலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. பஃபேயில் கரண்டியை நாம் தொடக்கூட முடியாது, சிப்பந்திகளே எடுத்து வைத்தார்கள். பெரிய கப்பல் ஒன்றில் அறைக்கு இருவர் என்று கணக்குப் போட்டால் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வருவார்கள். அதே கப்பல் ஜூன் விடுமுறையில் போகும்போது ஓர் அறையில் மூன்றாவது, நான்காவது படுக்கையும் நிரம்பிவிடும். பிள்ளைகளோடு சேர்த்து ஐயாயிரத்தை ஒட்டிவிடும். அடுப்பு அதேதான், உணவறையும் அதேதான். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவரும் அதே சமையல்காரரைப் பற்றி வெவ்வேறு விதமாகப் பேசுவார்கள் அல்லவா, அது போலத்தான் இது. சிங்கப்பூரில் பலருக்கு முதல் கப்பல் அனுபவமே அந்தப் பாதி நிரம்பிய கப்பல்தான். அதே அளவுகோலை வைத்துக்கொண்டு இன்றைய கப்பலில் ஏறினால் யாருக்கும் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கூட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் மாற்றம் உண்டு. 2020 மார்ச்சில் உலகெங்கும் கப்பல்கள் நின்றபோது வருமானம் அடியோடு நின்றது, கடன் ஏறியது. பல உல்லாசக் கப்பல் நிறுவனங்களை வைத்திருக்கும் கார்னிவல் குழுமத்தின் கடன் மட்டும் 3,000 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய 2022இல் உக்ரேன் போரால் எண்ணெயும் கோதுமையும் விலை ஏறின. அந்த ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் ஈரச்சந்தையே என்ன பாடு பட்டது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களும் அதே விலைகளோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் ஆகிய மூன்றும் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள். அவற்றின் ஆண்டறிக்கையில் உணவுச் செலவு தனியாகவே கொடுக்கப்பட்டிருக்கும். 2023ஆம் ஆண்டுத் தொகையைப் பயணிகளின் நாள் கணக்கால் வகுத்தால், மூன்றிலுமே ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு 20 அமெரிக்க டாலருக்குக் கீழேதான் வருகிறது. மூன்று வேளைச் சாப்பாடு, மாலைத் தேநீர், நள்ளிரவு பீட்சா எல்லாவற்றுக்கும் வாங்கும் பொருள்களின் விலை அவ்வளவுதான். ராயல் கரீபியனின் கணக்கில் சிப்பந்திகள் சாப்பிடுவதும் இதற்குள்ளேயே அடக்கம். மொத்தக் கொள்முதல் என்பதால் வீட்டு மளிகைக் கணக்கோடு இதை ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு தட்டும் எவ்வளவு கணக்காக வைக்கப்படுகிறது என்பது புரியும். செலவைக் குறைத்துவிட்டார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ராயல் கரீபியனில் அந்தத் தொகை 2019இல் இருந்ததைவிடக் கூடித்தான் இருக்கிறது. விலை ஏறிய வேகத்துக்கு ஈடுகொடுக்க, தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள், ஆள் நின்று செய்யவேண்டிய வேலையையும் குறைக்கிறார்கள். ராயல் கரீபியன் 2023இல் பெரிய உணவறையின் பட்டியலை இரவுக்கு ஒரு கருப்பொருள் என்று மாற்றியபோது தேர்வுகள் குறைந்தன. கார்னிவலில் மூன்றாவது முதன்மை உணவு கேட்டால் 5 அமெரிக்க டாலர் என்ற வழக்கம் வந்தது. இதெல்லாம் கொவிட்டால் மட்டும் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அறைக்குச் சாப்பாடு கொண்டுவர 7.95 அமெரிக்க டாலர் என்று ராயல் கரீபியன் கட்டணம் வைத்தது 2017இலேயே.

தனிக் காசு உணவகங்கள்மீது உங்களுக்குள்ள கோபம் எனக்குப் புரிகிறது. அதில் எனக்கும் உடன்பாடில்லாத ஒன்று உண்டு. கைதேர்ந்த சமையல்காரர்களும் அப்போதைக்கப்போது சமைத்துத் தரும் வசதியும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டன. கட்டணத்துக்குள் அடங்கிய பெரிய உணவறையில், ஆயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்காரும் பந்திக்கு முன்கூட்டியே தட்டுகளில் வைத்து, சூட்டுப் பெட்டியில் அடுக்கி, மணி அடித்ததும் வெளியே அனுப்புகிறார்கள். மீனோ இறைச்சியோ அந்தப் பெட்டியில் கால்மணி நேரம் இருந்தாலே பதம் போய்விடும். குடும்பத்தோடு வந்தவர் கட்டிய கட்டணத்துக்கு, நல்ல முறையில் சமைத்த ஒரு வேளைச் சாப்பாடாவது அந்தப் பெரிய அறையிலேயே கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி அம்மாவின் சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்தப் பனீர்க் குழம்புதான்.

கப்பலில் நெருப்புதான் பெரிய ஆபத்து. அதனால் சமையற்கூடத்தில் எரிவாயு அடுப்பு இருக்காது. மின்சாரத் தகடும் நீராவிக் கொப்பரையும்தான். தோசைக்கல்லுக்குப் பதில் ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புத் தகடு இருக்கும். காலை ஏழரைக்குக் கூட்டம் வரும்போது வரிசையாக மாவு ஊற்றினால் தகட்டின் சூடு சட்டென்று இறங்கிவிடும். மறுபடி சூடேறும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. அதனால்தான் ஏழு மணிக்கு மொறுமொறுவென்று வரும் தோசை எட்டரைக்கு வெளுத்து, மென்மையாக, ரப்பர் மாதிரி வருகிறது. சாம்பாரில் பருப்பு இருக்கிறது. சூட்டுத் தொட்டியில் 60 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூடி திறந்தபடி ஒரு மணி நேரம் கிடந்தால் தண்ணீர் வற்றி ஏடு கட்டும். சமையல்காரர் அதில் வெந்நீர் ஊற்றிக் கலக்குவார், சுவை அங்கேயே போய்விடும். ரசம், புளியோதரை, வத்தக்குழம்பு, தயிர்ச்சாதம் போன்றவை காத்திருப்பதைத் தாங்கும். தோசை, பூரி, வடை தாங்காது. ஆகவே பஃபேயில் கண்முன்னே சுட்டுத் தருவதைக் கேட்டு வாங்குங்கள். குழம்பு வகையை, தொட்டியை மாற்றிப் புதிதாக வைக்கும் நேரம் பார்த்து எடுங்கள். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் அம்மாவுக்கு நல்ல தோசை நிச்சயம்.

பனீர் ஏன் மூன்று இரவும் வருகிறது? உறைபனியில் வாரக்கணக்கில் கிடக்கும், கெடாது, உடையாது, எந்த மசாலாவிலும் போடலாம். நிறுவனத்தின் சமையல் குறிப்பேட்டில் இந்தியச் சைவம் என்றாலே பெரும்பாலும் வட இந்தியச் சைவம்தான். ஆனால் அந்தச் சமையற்கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் கோவாக்காரரும் மலையாளியும் தமிழரும் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ரசம் வைக்கத் தெரியும், வெண்டைக்காய் வதக்கத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பஃபேயில் கரண்டி பிடித்து நிற்கும் பையனிடம் கேட்டுப் பயனில்லை. கப்பலில் ஏறிய அன்று மதியமே, பெரிய உணவறையின் வாசலில் ஹெட் வெயிட்டர் இருப்பார். மேசை மாற்றம், உணவு விலக்குகள் கேட்பவர்களுக்காகவே அந்த நேரம் அவர் அங்கே இருப்பார். அம்மாவையும் அழைத்துப் போங்கள். 'இந்தியச் சைவம்' என்று மட்டும் சொன்னால் பனீர்தான் வரும். தென்னிந்தியச் சாப்பாடு, நாளைக்கு ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல், தயிர்ச்சாதம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத நாள் உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். மறுநாள் என்ன வேண்டும் என்பதை முந்தின இரவே சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சமையற்கூடத்தில் ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால்தான் பருப்பை ஊறவைத்து, காய் எடுத்துவைப்பார்கள். இப்படிச் செய்து நன்றாகச் சாப்பிட்டு வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இந்தப் பழக்கம் தெரியாமல் மூன்று நாளும் ரொட்டியும் பழமுமாக ஓட்டிய பெரியவர்களையும் தெரியும்.

சுத்த சைவத்துக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழிச்சாற்றில் செய்திருக்கலாம். சீனப் பாணிக் கீரையில் சிப்பிச் சாஸ் இருக்கும். தாய்லாந்துச் சமையலில் மீன் சாஸ் இல்லாமல் இராது. கேக்கில் முட்டை இருக்கும். ஒவ்வொன்றையும் கேட்டே எடுங்கள்.

சரி, எந்தக் கப்பல்? சிங்கப்பூரிலிருந்து புறப்படுபவற்றை மட்டும் பார்க்கிறேன்.

குறுகிய பயணத்தில், அம்மாவுக்காக முதலில் நான் பார்ப்பது ஸ்டார்டிரீம் குரூசஸ் (2025வரை ரிசார்ட்ஸ் வோர்ல்ட் குரூசஸ் என்ற பெயரில் இருந்தது) நடத்தும் கெந்திங் டிரீம். 2016இல் கட்டப்பட்ட கப்பல். பழைய டிரீம் குரூசஸ் நிறுவனம் 2022 தொடக்கத்தில் முறிந்தபின், அந்த ஜூனில் புதிய நிர்வாகத்தின்கீழ் இங்கிருந்தே மறுபடி புறப்பட்டது. இந்தியப் பயணிகள் அதிகம் வருவதால் சைவத்தையும் ஜைனச் சமையலையும் சான்றிதழோடு தனியாகச் செய்கிறார்கள், ஹலால் சான்றும் உண்டு. உங்கள் அம்மா இங்கே 'விசேஷக் கோரிக்கை' வைத்த ஒருவராக நிற்க வேண்டியதில்லை. அவருக்கான சமையல் அன்றாட வேலையாகவே நடக்கிறது. வார இறுதியில் சூதாட்டக்கூடத்தை ஒட்டிய கூட்டமும் ஆரவாரமும் இருக்கும். அது அம்மாவுக்குப் பிடிக்குமா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ராயல் கரீபியன் கப்பல்களின் பலம் பிள்ளைகளுக்கான விளையாட்டு, கலை நிகழ்ச்சி, கப்பலின் பிரம்மாண்டம். பெரிய உணவறையில் கேட்டால் இந்தியச் சாப்பாடு செய்து தருவார்கள், மேலே சொன்னபடி முன்கூட்டிக் கேட்கவேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இது, அம்மாவுக்கு முந்தையது என்பது என் கணிப்பு.

டிஸ்னி அட்வென்ச்சர் பற்றிப் பலரும் விசாரிக்கிறார்கள். ஜெர்மனியில் கெந்திங்குக்காகக் கட்டத் தொடங்கி, பாதியில் நின்று, 2022இல் டிஸ்னி வாங்கிய கப்பல் அது. 2025 டிசம்பரில் தொடங்குவதாக இருந்த முதல் பயணம் 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. டிஸ்னியில் ஒவ்வோர் இரவும் வெவ்வேறு உணவகத்துக்குப் போவோம், பரிமாறும் ஆள்கள் நம்மோடு கூடவே வருவார்கள். ஹெட் வெயிட்டரிடம் முதல் நாள் சொன்னது கடைசி நாள்வரை நினைவில் இருக்க, இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் அது ஏறத்தாழ 6,700 பேர் செல்லக்கூடிய கப்பல், விடுமுறையில் விலையும் கூடுதல்.

நீங்கள் ஐந்து, ஏழு இரவு போகத் தயார் என்றால் கதையே மாறும். செலிபிரிட்டி, பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா போன்றவை பருவத்துக்குப் பருவம் இங்கே வந்து போகின்றன. செலிபிரிட்டியும் ராயல் கரீபியனும் ஒரே குழுமம். மற்ற இரண்டும் கார்னிவல் குழுமத்தைச் சேர்ந்தவை. முதலாளி ஒருவரே என்றாலும் சாப்பாடு ஒன்றல்ல. நீண்ட பயணத்தில் பிள்ளைகள் குறைவு, பந்தி நிதானம், சமையல்காரருக்கும் உங்கள் அம்மாவின் ருசி பிடிபட நாள் கிடைக்கும். மூன்று இரவுப் பயணத்தில் அவருக்கு விஷயம் புரியும்போது நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஓஷியானியா என்றொரு நிறுவனம் உணவுக்காகவே பெயர் வாங்கியது. அங்கே சிறப்பு உணவகங்களுக்குத் தனிக் காசு இல்லை. ஆனால் பயணம் நீளம், விலை மிக அதிகம். பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சென்னைப் பக்கம் சொந்தங்களோடு சேர்ந்து கொண்டாடும் எண்ணம் இருந்தால் கொர்டீலியா என்ற இந்தியக் கப்பல் நிறுவனத்தை விசாரியுங்கள். இந்தியர்களுக்காகவே நடத்தப்படுவது, சைவமும் ஜைன உணவும் அங்கே இயல்பு. அதன் எம்பிரஸ் 1990இல் கட்டப்பட்ட பழைய கப்பல் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிறந்தநாள் டிசம்பர் நடுவில் என்றாலும், பள்ளி விடுமுறை தொடங்கிய கையோடு நவம்பர் கடைசியில், ஞாயிறு அல்லது திங்கள் புறப்படும் நான்கு இரவுப் பயணத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை புறப்படும் கப்பலைவிடக் கூட்டமும் குறையும், பெரும்பாலும் விலையும் குறையும்.

பிறந்தநாள் இரவுக்காகக் காசு கட்டி ஸ்டேக் உணவகத்தைப் பதிவு செய்யாதீர்கள். சைவக்காரருக்கு அங்கே இரண்டு தட்டுக்கு மேல் தேறாது. அந்தப் பணத்தை வைத்து நல்ல அறை எடுக்கலாம். பெரிய உணவறையிலேயே ஓரமான மேசையைக் கேட்டு, முட்டையில்லாத கேக்கும் ஒரு பாயசமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பயணக் கண்காட்சியில் சலுகை விலையைப் பார்த்து உடனே பணம் கட்ட வேண்டாம். துறைமுகக் கட்டணம், நாளுக்கு இவ்வளவு என்று தலைக்குப் போடும் சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்த தொகையை எழுத்தில் கேளுங்கள். முகவர் சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றவரா என்றும் பாருங்கள். கப்பலில் சாப்பாடு சரியில்லை என்றால் முதல் இரவே ஹெட் வெயிட்டரிடம் சொல்லுங்கள். கடைசி நாள் கருத்துப் படிவத்தில் எழுதினால் அடுத்த பயணத்தில் ஏறுகிறவருக்குத்தான் அது உதவும்.

அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், உப்புக் குறைவு, சர்க்கரை இல்லை என்பதையும் சைவக் கோரிக்கையையும் ஒரே படிவத்தில் சேர்த்து, பதிவு செய்யும் அன்றே முகவர் மூலம் அனுப்பச் சொல்லுங்கள். நிறுவனங்கள் இதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்னறிவிப்புக் கேட்கின்றன. பதிவு எண்ணோடு வந்த பதிலை அச்செடுத்து அம்மாவின் கைப்பையில் வையுங்கள். ஏறிய அன்று மதியம் ஹெட் வெயிட்டரிடம் அதைக் காட்டியே பேச்சைத் தொடங்கலாம்.